நிலத்தை விட்டுப் போகும் மூட்டைகள்

சரக்கு ரயிலில் யூரியா வந்து இறங்கும் நாளில் எங்கள் கூட்ஸ் ஷெட்டுக்கு ஒரு தனி வாசனை வந்து விடும். 2015-ல் யூரியா முழுவதிலும் வேப்பெண்ணெய் தடவியே அனுப்ப வேண்டும் என்று மத்திய அரசு உத்தரவு போட்டதிலிருந்து அந்த வாசனையில் கொஞ்சம் கசப்பும் சேர்ந்து கொண்டது. சுமை தூக்கும் தொழிலாளர்கள் இரவென்றும் பகலென்றும் பாராமல் மூட்டை இறக்குவார்கள். ரோட்டில் லாரிகள் வரிசை பிடித்து நிற்கும். அதே ரோட்டில் எதிர்த் திசையில் வேறு லாரிகள் போய்க் கொண்டிருக்கும். பருவத்துக்குத் தகுந்தபடி அவற்றில் வேர்க்கடலை, மாங்காய், தக்காளி, வெல்லம்.

எங்கள் ஆபீசில் வந்த சரக்குக்கு ஒரு ரிஜிஸ்தர், போன சரக்குக்கு ஒரு ரிஜிஸ்தர் உண்டு. இரண்டும் ஒத்துப் போகாமல் மாதக் கணக்கை முடிக்க முடியாது. ஒரு ஏழை விவசாயியின் நிலத்துக்கும் இப்படி இரண்டு ரிஜிஸ்தர்கள் இருக்கின்றன என்பது எனக்கு மிகத் தாமதமாகத்தான் புரிந்தது. அதைப் புரிய வைத்தது என் சொந்த நிலம்.

குடியாத்தத்துக்குப் பக்கத்தில் என் தகப்பனார் விட்டுப் போன ஒன்றரை ஏக்கர் புன்செய் இருக்கிறது. எட்டு வருஷமாகக் குத்தகைக்கு விட்டிருக்கிறேன். முதல் வருஷம் ஏக்கருக்குப் பன்னிரண்டு மூட்டை கடலை விளைந்தது. போன வருஷம் ஏழு மூட்டை. குத்தகைக்காரர் கணக்கில் ஏதோ செய்கிறார் என்றே நினைத்தேன். இதற்குள் மூன்று பேரை மாற்றியும் பார்த்து விட்டேன். யார் வந்தாலும் மூட்டை குறைந்து கொண்டேதான் போயிற்று. மூன்று பேரும் ஒரே மாதிரி ஏமாற்றுவார்களா என்ற சந்தேகம் வந்த பிறகுதான், இந்தப் பக்கத்து விவசாயிகளிடம் பேச்சுக் கொடுக்க ஆரம்பித்தேன். சித்தூரிலும் திருப்பதியிலும் ஓட்டலிலோ, மில்லிலோ, ஆபீசிலோ வேலை பார்த்துக்கொண்டு ஊரில் ஒரு துண்டு நிலத்தை யாரிடமோ விட்டு வைத்திருக்கும் நம்மவர்கள் பலர் உண்டு. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

வேரோடு போகும் பயிர்

பழைய சித்தூர் மாவட்டம் 2022 ஏப்ரலில் சித்தூர், திருப்பதி, அன்னமய்யா என்று பிரிந்தது. ஆபீஸ் போர்டுகள் மாறின, மண் மாறவில்லை. பெரும்பாலும் செம்மண். மணல் கலந்த லேசான மண். மழையைச் சீக்கிரம் குடிக்கும். சீக்கிரம் விட்டும் விடும். ஆண்டுக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதில் ஒரு பங்கு ஆனி, ஆடியில் விட்டு விட்டுப் பெய்யும். இன்னொரு பங்கு ஐப்பசி, கார்த்திகையில் ஒரேயடியாகக் கொட்டும். நடுவில் இருபது நாள், முப்பது நாள் வெயில் காய்ந்தால் பயிரைக் காப்பாற்றுவது மண்ணில் உள்ள மக்குதான். ஈரத்தைப் பிடித்து வைப்பதும் அதுதான். போட்ட உரத்தை வேர் எடுக்கும் வரை கரைந்து ஓடாமல் நிறுத்தி வைப்பதும் அதுதான்.

மண் பரிசோதனைக் கூடத்தில் கரிமச் சத்து என்று ஒரு கட்டம் இருக்கும். அரை சதவிகிதத்துக்குக் கீழே இருந்தால் ‘குறைவு’ என்று எழுதிக் கொடுப்பார்கள். 2015 பிப்ரவரியில் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் விவசாயிகளுக்கு அட்டை கொடுத்தார்கள். புன்செய்க்காரர்கள் என்னிடம் காட்டிய அட்டைகளில் அந்தக் கட்டத்தில் ‘குறைவு’ என்பதைத் தவிர வேறு வார்த்தையை நான் பார்க்கவில்லை. என் நிலத்து மண்ணையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போய்க் கொடுத்தேன். அதற்கும் அதே வார்த்தை.

ஏன் இப்படி? கடலைப் பயிரையே எடுத்துக் கொள்வோம். நாம் வேர்க்கடலை, மணிலா, மல்லாட்டை என்கிறோம்; இங்கே செனக்காய் என்கிறார்கள். நெல்லை அறுத்தால் தாளின் அடியாவது வயலில் நிற்கும். கடலையை அறுப்பதில்லை; வேரோடு பிடுங்குகிறோம். காய் வியாபாரிக்கு. கொடி மாட்டுக்கு. காய் ஏமாற்றிய வருஷத்தில் கொடியை விற்றுக் களையெடுத்த கூலியைத் தீர்த்தவர்கள் இங்கே உண்டு. காயை உடைக்கும் மில்லோடு தோல் நின்று விடும். அங்கிருந்து பாய்லருக்கோ செங்கல் சூளைக்கோ போகும். எண்ணெய் ஆட்டிய பிண்ணாக்கு எந்த ஊர் மாட்டுக்குப் போகிறதோ, யாருக்குத் தெரியும்?

கடலை பயறு வகையைச் சேர்ந்தது. காற்றில் உள்ள தழைச்சத்தை வேர் முடிச்சில் பிடித்து வைக்கும். ஆகவே அது மண்ணைக் கெடுக்காது என்று படித்தவர்களும் சொல்வார்கள். பிடித்து வைப்பது உண்மை. ஆனால் அதில் பெரும் பகுதி காயிலும் கொடியிலும்தான் இருக்கிறது. இரண்டையும் வீட்டுக்குக் கொண்டு போய் விட்டால் மண்ணில் மிஞ்சுவது கொஞ்சம்தான். மணிச்சத்து, சாம்பல் சத்து, சுண்ணாம்பு ஆகியவற்றைக் காற்றிலிருந்து பிடிக்க எந்தச் செடியாலும் முடியாது. போன மூட்டையோடு அவை போனவைதான்.

சாணி எங்கே போகிறது?

மாடு தின்ற கொடி சாணியாகத் திரும்பி வர வேண்டும் அல்லவா? பாகாலா பக்கத்தில் ஒரு கிராமத்தில், நம்மைப் போலத் தமிழ் பேசும் ஒரு பெரியவரின் வீட்டில் இந்தக் கேள்வியைக் கேட்டேன். அவருக்கு நிலம் மூன்று இடத்தில். வீட்டுக்குப் பின்னால் போர் போட்ட நாற்பது சென்ட். கொஞ்சம் தள்ளி ஒரு ஏக்கர் மாந்தோப்பு. குன்றின் அடியில், வீட்டிலிருந்து ஒரு மைலுக்கு மேல், இரண்டு ஏக்கர் மேட்டு நிலம். கொட்டிலில் இரண்டு சீமைப் பசுக்கள். உழவு மாடு இல்லை. டிராக்டர் வந்த பிறகு காளையை விற்று விட்டாராம்.

ஏக்கருக்கு ஐந்து டன் தொழு உரம் போட வேண்டும் என்பது விவசாயத் துறையின் சிபாரிசு. ஒரு பசு நாளைக்குப் பத்துப் பதினைந்து கிலோ சாணி போடும். மேய்கிற இடத்தில் விழுவது போக, காய்ந்து மக்கி எடை குறைவது போக, இரண்டு மாட்டையும் சேர்த்து வருஷத்துக்கு ஒரு ஏக்கருக்குக் கூடச் சரியாக வராது. அவருக்கோ மூன்று ஏக்கருக்கு மேல் இருக்கிறது. ஆகவே எல்லாம் அந்த நாற்பது சென்டுக்கே போகிறது. அங்கே தக்காளியும் கீரையும் போட்டுத் திருப்பதி மார்க்கெட்டுக்கு அனுப்புகிறார். மாவுக்கு எப்போதாவது ஒரு கூடை. மேட்டு நிலத்துக்கு எரு போய்ப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது.

“அங்கே ஏன் போடவில்லை?” என்று கேட்டேன்.

“சார், அங்கே எரு அடிக்க டிராக்டர் வாடகை வேணும். அடிச்ச பிறகு மழை வரணும். மழை வந்தா காட்டுப் பன்னி வராம இருக்கணும். இங்கே போட்டா ரெண்டு மாசத்துல காசு கண்ணுல தெரியும். உங்க கிட்ட பத்துக் கூடை எரு இருந்தா எங்கே போடுவீங்க?” என்று அவர் திருப்பிக் கேட்டார்.

நான் எங்கே போடுவேன்? நானும் கிணற்றடியில்தான் போடுவேன். இதை அறியாமை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக் கொள்ள மாட்டேன். கையில் உள்ளது கொஞ்சம். அதை நிச்சயமாகப் பலன் தரும் இடத்தில் போடுகிறார். அதனால் ஒரே குடும்பத்து நிலத்தில் ஒரு துண்டு கறுத்துக் கொழுத்து இருக்கிறது. இன்னொரு துண்டு வருஷா வருஷம் வெளுத்துக் கொண்டே போகிறது.

நம் நாட்டில் மட்டும் இப்படி என்று எண்ண வேண்டாம். ஆப்பிரிக்காவில் கென்யா, ஜிம்பாப்வே நாடுகளின் சிறு விவசாயிகளிடமும் ஆராய்ச்சியாளர்கள் இதையே கண்டிருக்கிறார்கள். வீட்டை ஒட்டிய வயல் வளமாக இருக்கிறது. தூரத்து வயல் இளைத்துப் போயிருக்கிறது. அங்கே அவர்கள் கண்ட இன்னொரு விஷயம் கவனிக்க வேண்டியது. இளைத்த வயலில் ரசாயன உரம் போட்டாலும் அது சரியாகப் பிடிப்பதில்லை. மக்கு இல்லாத மண்ணில் உரம் நிற்க இடம் இல்லை. அதாவது யாருக்கு உரம் அதிகம் தேவையோ, அவருக்கே அது குறைந்த பலனைத் தருகிறது.

1893-ல் ஒரு வெள்ளைக்காரர் எழுதியது

சாணி வயலுக்குப் போகாமல் அடுப்புக்குப் போகிறது என்ற புகார் மிகப் பழையது. இங்கிலாந்திலிருந்து வந்த வோல்க்கர் என்ற ரசாயன நிபுணர் 1889-ல் தொடங்கி இந்தியா முழுவதும் சுற்றினார். 1893-ல் அவருடைய அறிக்கை வெளியாயிற்று. இந்திய விவசாயி மக்கு என்று துரைமார்கள் பேசிக் கொண்டிருந்த காலம் அது. அவரோ இந்திய விவசாயி கெட்டிக்காரன், பல இடங்களில் இங்கிலாந்து விவசாயிக்குக் குறைந்தவன் அல்ல என்று எழுதினார். சாணியை எரிப்பது ஏன் என்றும் விசாரித்தார். விறகு இல்லாததால்தான் எரிக்கிறார்கள், விறகு கிடைக்கும் இடத்தில் எரிப்பதில்லை என்று கண்டார். விறகுக்கும் தீவனத்துக்கும் ஊர் தோறும் காடு வளர்க்க வேண்டும் என்று யோசனை சொன்னார்.

காடு வளரவில்லை. ஆனால் நூறு வருஷம் கழித்து காஸ் அடுப்பு வந்தது. ஆந்திராவில் 1999-ல் தீபம் திட்டத்தில் ஏழைப் பெண்களுக்கு இணைப்புக் கொடுத்தார்கள். 2016-ல் மத்திய அரசின் உஜ்வலா வந்தது. வரட்டி தட்டுவது குறைந்தது. அப்படியானால் சாணி வயலுக்குத் திரும்பியிருக்க வேண்டுமே? நான் விசாரித்த வரையில், மிச்சமான சாணியை டிராக்டர் கணக்கில் விற்று விடுகிறார்கள். வாங்குகிறவர் தோட்டக்காரர்; போர் வைத்திருப்பவர். விற்கிறவர் மானாவாரிக்காரர். அடுப்பிலிருந்து தப்பிய சாணியும் தண்ணீர் உள்ள நிலத்தைத் தேடித்தான் போகிறது. விற்கும் பெண்ணுக்குப் பள்ளிக்கூடச் செலவு இருக்கிறது. அவரை நாம் குறை சொல்ல முடியுமா?

யூரியா மூட்டை

இந்த இடத்தில்தான் எங்கள் ஷெட்டில் இறங்கும் மூட்டை வருகிறது. யூரியாவில் 46 சதவிகிதம் தழைச்சத்து. 2018-லிருந்து மூட்டை 45 கிலோ. ஆகவே ஒரு மூட்டையில் இருபது கிலோவுக்கு மேல் தழைச்சத்து இருக்கிறது. விலை 266 ரூபாய் 50 காசு. தொழு உரத்தில் தழைச்சத்து அரை சதவிகிதம்தான். டன்னுக்கு ஐந்து கிலோ. ஒரு மூட்டை யூரியாவுக்கு ஈடாக நாலு டன் எரு வேண்டும். அதை வாங்கி, ஏற்றி, இறக்கி, இறைக்கப் பல ஆயிரம் ஆகும். சைக்கிள் கேரியரில் கட்டிக் கொண்டு போகக் கூடியது எது என்று கேட்டால் விவசாயி எதைக் காட்டுவார்?

யூரியா விஷம் என்று மேடையில் பேசுவது சுலபம். அது இல்லாமல் நம் தலைமுறை ரேஷன் அரிசி சாப்பிட்டிருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் கணக்கில் ஒரு கோளாறு இருக்கிறது. 2010-ல் உர மானியத்தைச் சத்து அடிப்படையில் மாற்றியபோது யூரியாவை மட்டும் அதற்குள் கொண்டு வரவில்லை. மற்ற உரங்களின் விலை ஏறியது. யூரியா விலை பெரிதாக அசையவில்லை. இன்று டி.ஏ.பி. மூட்டை 1,350 ரூபாய். கையில் காசு குறைவாக உள்ளவர் எது மலிவோ அதைத்தான் அதிகம் போடுவார். பயிரும் பச்சைப் பசேல் என்று கண்ணுக்குத் தெரியும்.

வேடிக்கை என்னவென்றால், கடலைக்கு யூரியா அதிகம் தேவையே இல்லை. தழைச்சத்தை அது தானே தேடிக் கொள்ளும். அதற்குத் தேவை ஜிப்சம். கடலைக் காய் மண்ணுக்குள் இருக்கும்போது தனக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை வேர் வழியாக வாங்குவதில்லை. தோல் வழியாகச் சுற்றியுள்ள மண்ணிலிருந்தே நேரடியாக உறிஞ்சுகிறது. மேல் மண்ணில் அது இல்லாவிட்டால் காய் பெரிதாக இருக்கும். உடைத்தால் பருப்பு இருக்காது. நம் ஊரில் பொக்கு என்கிறோமே, அது. பூக்கும் சமயத்தில் மண் அணைக்கும்போது ஏக்கருக்கு 200 கிலோ ஜிப்சம் போட வேண்டும் என்பது சிபாரிசு. அதில் கந்தகமும் இருக்கிறது. பட்டன்சேருவில் உள்ள இக்ரிசாட் நிலையத்தார் 2000-க்குப் பிறகு ஆந்திர மானாவாரி நிலங்களைப் பரிசோதித்தபோது, கந்தகம், துத்தநாகம், போரான் ஆகிய மூன்றும் பரவலாகக் குறைந்திருப்பதைக் கண்டார்கள். அவற்றைக் கொஞ்சமாகச் சேர்த்த வயலில் மகசூல் நன்றாகவே ஏறியது.

என் குத்தகைக்காரருக்காகப் போன ஆவணியில் ஜிப்சம் வாங்க ஒரு கடைக்குப் போனேன். ஜிப்சம் இல்லை என்றார்கள். யூரியா கேட்டேன். அதோடு ஒரு பாட்டில் ‘டானிக்’கும் வாங்கினால்தான் யூரியா என்றார்கள். மூட்டை 266 ரூபாய். பாட்டில் 400 ரூபாய். வாங்காமல் வந்து விட்டேன். மாதச் சம்பளக்காரன் வரலாம். விதைத்து விட்டு நிற்பவர் வாங்கித்தான் ஆக வேண்டும்.

ஒரு நூற்றாண்டுச் சோதனை

சாணியா, ரசாயனமா என்ற சண்டைக்குப் பதில் தேட ஒருவருக்கு ஆயுள் போதாது. நல்ல வேளையாக, ஆயுளை விட நீண்ட சோதனைகள் நடந்திருக்கின்றன. கோயமுத்தூரில் இப்போதைய வேளாண்மைப் பல்கலைக்கழக நிலத்தில் 1909-ல் ஒரு நிரந்தர உரச் சோதனை தொடங்கினார்கள். 1925-ல் இன்னொன்று. ஒரு பாத்திக்கு எதுவும் கிடையாது. ஒன்றுக்குத் தழைச்சத்து மட்டும். ஒன்றுக்கு மூன்று சத்தும். ஒன்றுக்குத் தொழு உரம். ஆட்சி மாறியது, அதிகாரிகள் மாறினார்கள்; பாத்தி மாறவில்லை. தழைச்சத்தை மட்டும் போட்ட பாத்தி மற்றவற்றோடு போட்டி போட முடியாமல் பின்தங்கியது. தொழு உரப் பாத்தியில் மண்ணின் கரிமச் சத்து மேலே நின்றது.

நமக்கு இன்னும் பக்கத்தில் ஒரு சோதனை உண்டு. அனந்தபுரத்தில், மழை இங்கேயுள்ளதை விட மிகவும் குறைவான இடத்தில், இதே செம்மண்ணில், இதே கடலையில், 1985-ல் தொடங்கியது. இருபது வருஷத்துக் கணக்கைப் பார்த்தார்கள். முதலிடம் பிடித்தது முழு ரசாயன உரம் போட்ட பாத்தி அல்ல. தொழு உரம் மட்டும் போட்டதும் அல்ல. சிபாரிசு செய்த ரசாயன உரத்தில் பாதியும், எக்டேருக்கு நாலு டன் கடலைத் தோலும் போட்ட பாத்தி. ஆம், நாம் செங்கல் சூளைக்கு அனுப்புகிற அதே தோல்! மண்ணின் கரிமச் சத்து இன்றுள்ள அளவில் குறையாமல் நிற்பதற்கே எக்டேருக்கு ஆண்டுதோறும் ஒரு டன்னுக்குச் சற்று மேல் கரிமம் திரும்பி வர வேண்டும் என்றும் கணக்கிட்டார்கள். ஏக்கருக்குச் சுமார் 450 கிலோ. என் நிலத்துக்குப் போன எட்டு வருஷத்தில் எவ்வளவு திரும்பி வந்தது என்று யோசித்தேன். உதிர்ந்த இலையைத் தவிர ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை.

தோலை வாங்கி வரலாமே என்று பாகாலா பெரியவரிடம் சொன்னேன். சிரித்தார். மில்காரர் அதை எடை போட்டு விற்கிறார். சூளைக்காரர் கொடுக்கும் விலையைத் தன்னால் கொடுக்க முடியாது என்றார்.

ஏரியும் கிடையும்

பழைய காலத்தில் மேட்டு நிலத்துக்கு எரு எங்கிருந்து வந்தது? இரண்டு வழிகள். சித்திரை, வைகாசியில் ஏரி வற்றியதும் வண்டல் வெட்டி வண்டி வண்டியாக நிலத்தில் அடிப்பார்கள். மேட்டிலிருந்து மழையில் கரைந்து போன மண்தானே ஏரியில் படிகிறது? அதைத் திருப்பிக் கொண்டு வருவதுதான். செம்மணலில் வண்டல் சேர்ந்தால் ஈரம் நிற்கும். ஏரியும் ஆழமாகும். இரண்டாவது, ஆட்டுக் கிடை. அறுவடைக்குப் பின் ஆட்டுக்காரர் மந்தையை ராத்திரியில் நிலத்தில் அடைப்பார். புழுக்கையும் மூத்திரமும் நேராக மண்ணில் விழும். வண்டி வாடகை கிடையாது. அதற்குத் தானியமோ காசோ கொடுப்பார்கள்.

போர்வெல் வந்த பிறகு ஏரியைக் கவனிப்பார் இல்லை. மேய்ச்சல் நிலம் மாந்தோப்பானதும் மந்தை குறைந்தது. தோப்புக்காரர் ஆட்டை உள்ளே விட மாட்டார்; கன்றைக் கடித்து விடும். கிடைக்கு இன்றும் கேட்பவர்கள் இருக்கிறார்கள். வருகிற ஆடுதான் இல்லை. வண்டலுக்கு மட்டும் இப்போது கொஞ்சம் வழி பிறந்திருக்கிறது. ஆந்திராவில் 2015-ல் நீரு-செட்டு திட்டத்தில் ஏரிகளைத் தூர் வாரினார்கள். தமிழ்நாட்டில் 2017-ல் விவசாயிகள் வண்டலை இலவசமாக எடுத்துக் கொள்ள அனுமதித்தார்கள். 2024-ல் அந்த அனுமதியைத் தாசில்தாரே கொடுக்கலாம் என்று சுலபமாக்கினார்கள். அதைச் சாக்காக வைத்துச் செங்கல் சூளைக்கு அடிப்பவர்கள் உண்டா என்று கேட்காதீர்கள். உண்டு.

ஆந்திராவில் 2016-லிருந்து இயற்கை விவசாயத் திட்டம் ஒன்றும் பெரிய அளவில் நடக்கிறது. பத்துக் கிலோ சாணி, கோமூத்திரம், இரண்டு கிலோ வெல்லம், இரண்டு கிலோ பயறு மாவு ஆகியவற்றை 200 லிட்டர் தண்ணீரில் கரைத்து ஊற வைத்து ஏக்கருக்கு விடுகிறார்கள். பத்துக் கிலோ சாணி ஒரு ஏக்கரின் பசியைத் தீர்க்குமா என்று விஞ்ஞானிகளில் பலர் கேட்கிறார்கள், கேட்பது நியாயம்தான். ஆனால் அந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்தது வேறு. மழைக்கு முன்பே பலவகை விதைகளைக் கலந்து விதைத்து, நிலத்தை வருஷத்தில் பெரும் பகுதி மூடி வைக்கச் சொல்கிறார்கள். வெறும் நிலமாக வெயிலில் காய்வதற்கு இது எவ்வளவோ மேல். உழவு மாடும் வண்டிச் செலவும் இல்லாதவருக்கும் இது முடியும்.

ஆனால் எதையும் ஒரே நாளில் செய்யப் போனால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கை சாட்சி. 2021-ல் அங்கே ரசாயன உர இறக்குமதியை ஒரே உத்தரவில் தடை செய்தார்கள். அத்தனை வயலுக்கும் எரு எங்கிருந்து வரும் என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. நெல் விளைச்சல் விழுந்தது. நம் தமிழ் மக்கள் உழைக்கும் தேயிலைத் தோட்டங்களும் அடி வாங்கின. அந்த ஆண்டு நவம்பரிலேயே தடையை நீக்க வேண்டி வந்தது.

“அடுத்த வருஷமும் எனக்கா?”

இவ்வளவும் விசாரித்துக் கொண்டு போன பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். இப்போது பயிரிடுபவர் என்னை விடப் பதினைந்து வயது மூத்தவர். அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். எரு, வண்டல், ஜிப்சம் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

“அடுத்த வருஷமும் எனக்கே உடுவியா தம்பி? சொல்லு, நாளைக்கே எரு அடிக்கிறேன்.”

எனக்குப் பதில் வரவில்லை. எருவின் பலன் முதல் வருஷத்தோடு முடிவதில்லை. இரண்டாம் வருஷம், மூன்றாம் வருஷம் வரை இருக்கும். வண்டலின் பலன் அதற்கும் மேல். நானோ வருஷா வருஷம் ஆளை மாற்றப் பார்த்தவன். ஒருவரிடமே தொடர்ந்து விட்டால் நிலம் கையை விட்டுப் போய் விடும் என்று அப்பா காலத்திலிருந்தே பயம். தமிழ்நாட்டில் 1955-ல் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்த நாளாக நிலம் வைத்திருப்பவர் வீடுகளில் இதே பேச்சுத்தான். ஆந்திராவிலும் 2019-ல் ஒரு சட்டம் போட்டார்கள். குத்தகைதாரருக்குப் பயிர்க் கடனும் இன்ஷூரன்சும் கிடைக்கப் பதினோரு மாதத்துக்கு ஒரு அட்டை. சொந்தக்காரரின் உரிமைக்குப் பங்கம் இல்லை. அதிலும் கையெழுத்துப் போட மறுக்கும் சொந்தக்காரர்கள் ஏராளம். கையெழுத்தே கிடைத்தாலும், பதினோரு மாத நிலத்துக்கு மூன்று வருஷத்து எருவை யார் அடிப்பார்கள்? மலிவாகக் கிடைக்கும் யூரியாவைப் போடுவார். இருக்கிறதை உறிஞ்சிக் கொண்டு போவார். என் நிலத்தில் மூன்று பேரும் அதைத்தான் செய்தார்கள். அதை அவர்களைச் செய்ய வைத்தவன் நான்.

என் மனைவிக்கு முதலில் சம்மதம் இல்லை. வருகிற குத்தகைக் காசுதான் பையனின் பள்ளிக்கூடப் பீஸ். இரண்டு ராத்திரி பேசிய பிறகு, முதல் வருஷம் குத்தகையில் பாதி மட்டும் வாங்குவது என்று முடிவாயிற்று. ஐந்து வருஷத்துக்கு அண்ணாவுக்கே என்று ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக் கொண்டோம். கடலைக்கு நடுவே துவரை ஒரு வரிசை போட வேண்டும். துவரை இலை உதிர்ந்து நிலத்திலேயே கிடக்கட்டும் என்றார் அவர். இது என் யோசனை அல்ல. எல்லாம் அவருக்கு முன்பே தெரிந்துதான் இருந்தது.

வண்டலுக்கு மனுக் கொடுத்திருக்கிறோம். ஏரியில் இன்னும் தண்ணீர் நிற்கிறது. வைகாசிக்கு மேல்தான் வெட்ட முடியும் என்கிறார்கள். ஒன்றரை ஏக்கருக்கு முப்பது லோடாவது வேண்டும் என்பது அண்ணாவின் கணக்கு. மண் இலவசம், டிராக்டர் இலவசம் இல்லை. முதல் பதினைந்து லோடுக்கு நான் கொடுப்பதாக ஒப்புக் கொண்டேன். மீதிப் பதினைந்துக்கு யார் கொடுப்பது என்பதுதான் இன்னும் பேசி முடியவில்லை.